சுண்ணப்பாட்டின் கடைசிப் பாட்டை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

பக்திப் பாடல்களை இனி யார் கேட்கப்போகிறார்கள் என்பவர்கள், நம்மூர்ச் செத்தவீடொன்றில் சுண்ணப்பொடி இடிக்கிற சடங்கு நேரம் போய் நிற்கட்டும். உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் கிடக்க, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து நிற்க, கோயிற்பக்கமே போகாதவரும் "ஆடப் பொற்சுண்ணம் இடித்தும் நாமே" என்று வாய் அசைப்பார்.

திருவாசகத்தில் வரும் திருப்பொற்சுண்ணம் என்ற இந்தச் சுண்ணப்பாட்டை மாணிக்கவாசகர் சாவுக்கென்று பாடவில்லை. இறைவன் நீராட வாசனைப்பொடி இடிக்கும் பெண்களின் பாட்டு இது. திருவாசகத்தில் பூக்கொய்யத் திருப்பூவல்லி, ஊஞ்சலுக்குத் திருப்பொன்னூசல், காய் எறிந்து பிடிக்கத் திருவம்மானை என்று வேலையோடும் விளையாட்டோடும் ஒட்டியவை பல. கைக்கு வேலை தந்ததாற்றான் இவை வாயில் நின்றன என்பது எங்கள் எண்ணம். யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமிகளின் பாடல் நூலான நற்சிந்தனையும் வீட்டுப்பேச்சுக்குக் கிட்ட நிற்பதால்தான் வீடுகளில் தங்கியது.

சுண்ணப்பாட்டில் உரலும் உலக்கையும் சும்மா வந்துபோவதில்லை. நாலாம் பாட்டு உலக்கைக்குக் காசு கட்டச் சொல்கிறது. ஐந்தாம் பாட்டில் அறுகு எடுப்பவர்கள் அயனும் அரியும், அதாவது பிரமனும் திருமாலும். ஒன்பதாவதில் வையகமெல்லாம் உரல், மேருமலை உலக்கை, அதில் நிறைய இடும் மஞ்சள் 'மெய்'. கண்முன்னே கிடக்கும் உரலைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்பவருக்கு உரை வேண்டியதில்லை.

இப்போது நடப்பதுதான் கவலை. மொத்தம் 20 பாட்டு. ஆறுதலாகப் பாடினால் கால் மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். பிரேதம் எடுக்க நேரமாகிறதென்று அவசரப்படுத்த, பாடுபவர் ஓட்டமாக ஓடி, மூச்சு வாங்கி, பன்னிரண்டு பதின்மூன்றோடு நிறுத்திவிடுகிறார். சில இடங்களில் ஒலிப்பதிவைப் போட்டுவிடுகிறார்கள். அது உலக்கைக்காகக் காத்திராது. இடிப்பவர் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இப்படிப் போடுவதைவிடப் போடாமல் விடுவது மேல்.

விடுபட்டுப்போவது எது தெரியுமா? இருபதாவது. "சோதியுமாய் இருள் ஆயினார்க்குத் துன்பமுமாய் இன்பம் ஆயினார்க்கு" என்று வருவது அதில்தான். அழுது களைத்த வீட்டுக்கு மற்றப் பத்தொன்பதையும்விடத் தேவையான பாட்டு. முதல் ஏழு வரியும் 'ஆயினார்க்கு' என்றே முடிவதால் பாடத் தெரியாதவரும் சேர்ந்து சொல்லலாம்.

நேரம் இல்லையென்றால் 1, 5, 9, 20 ஆகிய நாலையும் நிதானமாகப் பாடுங்கள். இருவர் மாறிமாறிப் பாடினால் மூச்சு முட்டாது. ஈற்றடியை எல்லோரும் எடுக்கட்டும். அச்சில் எட்டு வரியாக இருப்பதால் வரிக்கு ஒரு குத்து, பாட்டுக்கு எட்டு என்று வைத்தால் உலக்கை பாட்டை முந்தாது. பந்தம் பிடிக்கும் சிறுபிள்ளைகளுக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். எண்ணெய் சொட்டிக் கை சுட்டால் பிள்ளை பந்தத்தைப் போட்டுவிடும், பாட்டும் குழம்பும்.

இறந்தவர் நினைவாகக் கொடுக்கும் 'கல்வெட்டு' என்ற புத்தகத்தை அச்சடிப்பவர்களுக்கும் ஒன்று: சந்தி பிரித்து, பெரிய எழுத்தில், ஒரு பாட்டு இரண்டு பக்கத்துக்கு உடையாமல் போடுங்கள். பக்கம் புரட்டும் இடத்தில்தான் பாடுபவர் தடுமாறுகிறார்.

இங்ஙனம்,
திருமுறை ஓதுவோர் சிலர்,
யாழ்ப்பாணம்.