கதவுப் பக்கத்துக் குழாயையும் அளந்து பாருங்கள்: டிராக் டே நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டில் டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) நடத்தும் அமைப்பாளர்களுக்கும், வண்டிகளைச் சோதித்து உள்ளே அனுப்பும் ஸ்க்ரூட்டினி குழுவினருக்கும்,

வணக்கமுங்க.

திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் நம்பர் பிளேட்டோடு ஓட்டி வந்து, செட்டிபாளையம் டிராக்கில் பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, சாயங்காலம் அதே வண்டியில் வீடு திரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். அப்படி ஓடும் ஸ்விஃப்ட், போலோ போன்ற வண்டிகளுக்கு ரோல் கேஜில் (ஆளைக் காக்க வண்டிக்குள் கட்டும் இரும்புக் குழாய்க் கூட்டில்) பக்கவாட்டுக் காப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை, டிராக்குக்கென்றே கட்டிய வண்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சோதனை மேசையில் "கேஜ் இருக்கா?" என்று கேட்டால் மட்டும் போதாது. என்ன கேட்க வேண்டும், எதை அளக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

வண்டி நேராக முட்டினால் நசுங்க எஞ்சின் அறை இருக்கிறது. பின்னால் டிக்கி இருக்கிறது. கதவுத் தகட்டுக்கும் ஓட்டுபவரின் இடுப்புக்கும் நடுவே இருப்பது ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். வண்டி சுழன்று கதவுப் பக்கமாக டயர்ச் சுவரில் மோதினாலோ, பின்னால் வந்த வண்டி கதவில் மூக்கை விட்டாலோ, அந்த ஒரு சாணுக்குள்ளேயே எல்லாம் முடிய வேண்டும். அடி விழுந்ததும், கதவுத் திறப்புக்குக் குறுக்கே ஓடும் கேஜ் குழாயான டோர் பார் உள்ளே வளையும். வளையும்போது, ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு இரண்டு கம்பத்தையும் இழுப்பதைப் போல, கேஜின் முன்காலையும் சீட்டுக்குப் பின்னால் வளைவாக நிற்கும் மெயின் ஹூப்பையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். எனவே குழாய் எவ்வளவு தடிமன் என்று பார்க்கும் முன், அது எதில் போய் முடிகிறது என்று பாருங்கள். இரண்டங்குலத் தகட்டை வெறும் தரைத் தகட்டின் மேல் வைத்து நான்கு புள்ளி வெல்டு அடித்திருந்தால், தரை கிழிந்து கால் பிடுங்கிக்கொண்டு வரும். மேலே எவ்வளவு நல்ல குழாய் போட்டிருந்தாலும் பயனில்லை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளில் இணைப்பு ஜே, 253ஆம் பிரிவு, காலுக்கு அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வலுவூட்டல் தகடு கேட்கிறது. அந்தத் தகட்டை 'ட' வடிவில் மடித்து, பாதி தரையிலும் பாதி சில்லின் (கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்தின்) உள்சுவரிலும் ஏறும்படி வைப்பது நல்லது. பக்கவாட்டு அடியைத் தாங்கும் வலு தரையில் இல்லை, சில்லில்தான் இருக்கிறது.

டோர் பாரில் பல வடிவம் உண்டு. கதவுக்கு நடுவில் குறுக்காக வெட்டிக்கொள்ளும் எக்ஸ் வடிவம், இடமும் எடையும் பார்த்தால் நியாயமானது. இரண்டில் ஒரு குழாய் முனைக்கு முனை ஒரே துண்டாக இருக்க வேண்டும். மற்றது இரண்டு துண்டாக வந்து சேரலாம், சேரும் இடத்தில் கஸெட் (மூலையை இறுக்கும் தகடு) வேண்டும். முன்காலில் அது சேரும் மேல் இடம், கதவுத் திறப்பின் பாதி உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதே 253ஆம் பிரிவில் இருக்கிறது. மேலே போனால் அவசரத்தில் இறங்க முடியாது, மார்ஷலாலும் இழுத்து வெளியே எடுக்க முடியாது.

அமெரிக்க நாஸ்கார் பந்தயப் பாணியில் கதவுக்குள் புடைத்து நிற்கும் மூன்று நான்கு குழாய்கள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். உடம்பிலிருந்து தள்ளி நிற்பதால் டிராக்கில் அவை நல்ல காப்பு. ஆனால் அதற்கு இடம் கொடுக்க, கதவின் உள்தகட்டை வெட்டி, கண்ணாடி ஏற்றி இறக்கும் பாகத்தைக் கழற்றி, கம்பெனி வைத்த இரும்பு பீமையும் எடுக்க வேண்டும். அவினாசி ரோட்டில் ஓடப்போகும் வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள் என்பது எங்கள் முடிவான கருத்து. கழற்றி மாட்டும் டோர் பார் கேட்பவர்களும் உண்டு. அதில் தவறு நடப்பது இணைப்பில். ஒற்றைக் காதில் (ஓட்டை போட்ட தகட்டில்) ஒரு போல்ட் போட்டால் ஓட்டை நாளடைவில் முட்டை வடிவமாகிவிடும். இரண்டு காதுக்கு நடுவே குழாய் முனை உட்கார வேண்டும். போல்ட் 8.8 கிரேடு, மரை இல்லாத தண்டுப் பகுதி காதுக்குள் வரும் நீளம். கழற்றியவர் திரும்ப மாட்டினாரா என்பதை டிராக் வாசலில்தான் பார்க்க முடியும். அதைப் பட்டியலில் சேருங்கள்.

இனி, பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. டோர் பார் போட முன்கால் வேண்டும். முன்கால் வந்தால் கூரை ஓரமாக, தலைக்கு அருகில், ஒரு குழாய் ஓடும். டிராக்கில் தலையில் ஹெல்மெட் இருக்கிறது, ஆறு முனை பெல்ட் உடம்பைப் பிடித்திருக்கிறது. பல்லடம் ரோட்டில் ஹெல்மெட் இல்லை. மூன்று முனை பெல்ட்டில் தலை பக்கவாட்டில் நன்றாகவே ஆடும். சாதாரண வண்டியில் அடி இல்லாமல் முடிகிற மோதலில், இங்கே மண்டை இரும்பில் படும். எஃப்.ஐ.ஏ. 8857-2001 தர நுரை, ஹெல்மெட் போட்ட தலை படும் இடத்துக்கானது. ஏ.சி. பைப்புக்கு மாட்டும் கறுப்பு நுரைக் குழாய் அதுகூட இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் இரும்பு வரை போகிறது. கூரையோரத்திலிருந்து விரியும் கர்ட்டன் ஏர்பேக்கின் வழியிலும் அந்தக் குழாய் குறுக்கே நிற்கிறது.

ஆகவே எங்கள் பரிந்துரை: ரோட்டில் ஓடி வரும் வண்டிக்கு முன்சீட்டுக்குப் பின்னால் மட்டும் நிற்கும் அரை கேஜ். மெயின் ஹூப், குறுக்கே ஒரு டயகனல் (மூலைக்கு மூலை போகும் குழாய்), பின்னோக்கி இரண்டு தாங்கு கால். டோர் பார் வேண்டாம். பக்கவாட்டுக் காப்பைக் கம்பெனி பீம், பி-பில்லர் (முன்கதவை ஒட்டிப் பின்னால் நிற்கும் தூண்), இருந்தால் கர்ட்டன் ஏர்பேக், இவற்றோடு இடுப்பையும் தோளையும் பிடிக்கும் சீட் ஆகியவற்றிடம் விடுங்கள். சீட் மாற்றினால், பழைய சீட்டுக்குள் பக்க ஏர்பேக் இருந்திருந்தால் அது போய்விடும் என்பதை வண்டிக்காரரிடம் முன்பே சொல்ல வேண்டும். ஹூப் பி-பில்லரை ஒட்டி வரும்போது கம்பெனி பெல்ட்டின் ஓட்டத்தை மறிக்கிறதா என்று பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். அடிக்கடி தவறுவது இங்கேதான். டோர் பாரோடு முழு கேஜ்தான் வேண்டும் என்பவர் வண்டியை ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி வரட்டும்; டோர் பாருக்கு நாங்கள் சொன்னவை அப்படி வரும் வண்டிகளுக்குத்தான்.

சட்டத்திலும் இதற்கு இடம் குறைவு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பின்சீட்டை எடுத்துவிட்டால் ஆர்.சி.யில் இருக்கும் இருக்கை எண்ணிக்கையே பொய்யாகிவிடும்.

இனி அளவு. வெர்னியர் அளவுகோல் ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எஃப்.ஐ.ஏ. கணக்கில் மெயின் ஹூப் 45 மி.மீ. விட்டத்துக்கு 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50க்கு 2. டோர் பாரும் மற்றவையும் 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் (தையல் இல்லாத) கார்பன் ஸ்டீல் டியூப் மட்டும். வெர்னியர் 48.3 அல்லது 42.4 என்று காட்டினால் உஷாராகுங்கள்: ஒன்றரை அங்குலம், ஒன்றேகால் அங்குலம் என்று கடையில் விற்கும் தண்ணிப் பைப்பின் வெளிவிட்டம் அதுதான். அது தையல் போட்ட பைப். வளைக்கும்போதோ அடி படும்போதோ தையலில் பிளக்கலாம். தடிமனுக்கு அல்ட்ராசோனிக் மீட்டர் வைக்கலாம். பம்பும் வார்ப்படமும் செய்யும் ஊரில் அதை வைத்திருப்பவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வளைவில் வெர்னியரைக் குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள். சின்ன அளவு பெரிய அளவில் 0.9 பங்குக்குக் கீழே இருந்தால் குழாய் சப்பிவிட்டது என்று பொருள். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். மணல் அடைத்து, கேஸ் வைத்துச் சூடாக்கி வளைத்த குழாயை ஏற்காதீர்கள். குளிர்நிலையில் மட்டுமே வளைக்க வேண்டும்.

வெல்டைப் பல் மருத்துவரின் சின்னக் கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். கூரையை ஒட்டிய பக்கத்தில் வெல்டிங் டார்ச் போகாமல் முக்கால் சுற்றோடு நிறுத்தி, மிச்சத்தைப் புட்டி பூசி பெயின்ட் அடித்திருப்பார்கள். முறையாகச் செய்வோர் கால் உட்காரும் இடத்தில் தரையை வெட்டி, கேஜைக் கீழே இறக்கி, மேல் இணைப்புகளை முழுச் சுற்றும் வெல்டு செய்து, பிறகு தூக்கித் தகட்டில் உட்கார வைப்பார்கள். போல்ட்டில் நிற்கும் கேஜ் என்றால் ஒரு காலுக்குக் குறைந்தது மூன்று எம்8 போல்ட், 8.8 கிரேடு, தரைக்கு அடியில் எதிர்த்தகடு. வண்டியை ஜாக்கியில் தூக்கி அடியில் பாருங்கள். வெறும் வாஷர் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஒரு வண்டிக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். முந்தைய நாளே சோதனை வைத்தால் யாருக்கும் ஓட்ட நேரம் குறையாது. வெர்னியர், தடிமன் மீட்டர், கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்து உங்கள் குழுவோடு நிற்க நாங்கள் தயார். எந்த நாள் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கேஜ் கட்டும் பட்டறைக்காரர்களும் டிராக்கில் ஓட்டுபவர்களும்,
கோயம்புத்தூர்.