முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: முகாம் நடத்துகிறவர்களுக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

முகாம் பொறுப்பாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த முகாமை நடத்தியவர்களுக்கு நேரடியாகவே தெரியும். மற்றவர்களும் இதே மாதிரி ஒன்றையாவது உங்கள் பொறுப்பில் பார்த்திருப்பீர்கள். அதனால் கதையை நீட்டவில்லை. 7 நாள் விடுமுறை முகாமுக்கு வந்த என் 11 வயது மகளை மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள். இரவு விளக்கு அணைத்த பிறகு தன் கூடாரத்தை விட்டு வெளியே போனாள் என்பது குற்றம். அடுத்த கூடாரத்தில் ஒரு பிள்ளை வீட்டு நினைப்பில் அழுதுகொண்டிருந்தது. இவள் போய்ப் பக்கத்தில் படுத்து அப்படியே தூங்கிவிட்டாள். படுக்கையில் ஆளைக் காணாமல் உங்கள் ஆட்கள் அரை மணி நேரம் தேடியிருக்கிறார்கள்.

அந்த அரை மணி நேரம் உங்களுக்கு எப்படிப் போயிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. பிறர் பெற்ற பிள்ளைகளை நம்பி வாங்கிப் பொறுப்பில் வைத்திருக்கிறவர்கள் நீங்கள். இரவில் யாரிடமும் சொல்லாமல் கூடாரத்தை விட்டு நகரக் கூடாது என்பது சரியான விதி. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. என் கேள்வி ஒன்றுதான். அந்த விதியை அவளிடம் சொன்னீர்களா?

என்னிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். விண்ணப்பப் படிவத்தின் நான்காம் பக்கத்தை எடுத்துக் காட்டினீர்கள். பொருத்தமற்ற நடத்தை, ஒழுங்கீனம் ஆகியவற்றில் ஈடுபடும் பங்கேற்பாளர்கள் உடனடியாக வெளியேற்றப்படுவார்கள், நிர்வாகத்தின் முடிவே இறுதியானது என்று அதில் இருக்கிறது. கீழே உள்ள கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் முகாமுக்கு வந்தது நான் இல்லையே. அந்த வாக்கியத்தில் இரவு இல்லை, விளக்கு இல்லை, கூடாரம் இல்லை. பக்கத்தில் யாராவது அழுதால் யாரை எழுப்ப வேண்டும் என்பதும் இல்லை.

நான் வந்து சேர 2 மணி நேரம் ஆகிவிட்டது. அதுவரை வாசல் ஓரத்து பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் அட்டையைக் கழற்றி வாங்கியிருந்தீர்கள். சட்டையில் ஊசி குத்திய இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. வாசல் காவலர்தான் என்னிடம் சொன்னார்: உள்ளே மைதானத்தில் விசில் கேட்ட போதெல்லாம் இவள் சட்டென்று எழுந்து நின்றாளாம், அப்புறம் ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தாளாம்.

அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகவே இல்லை. விசில் அடித்தால் எழுந்து நின்று, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, விசில் வந்த பக்கம் பார்க்க வேண்டும். இதை முதல் நாளே நீங்கள் செய்துகாட்டி, மூன்று நான்கு முறை பழக்கியிருக்கிறீர்கள். ஏன் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகும், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோதும், அந்த விதியை அவள் மீறவில்லை. ஒரு விதியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். பிறகு எதைச் செய்தால் வீட்டுக்கு அனுப்புவீர்களோ, அதை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

திரும்பி வரும் வழியில் ரொம்ப நேரம் பேசாமல் வந்தாள். அப்புறம் கேட்டாள்: "அம்மா, ஒழுங்கீனம்னா என்ன?"

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. என்ன எதிர்பார்க்கிறீர்கள், மீறினால் என்ன நடக்கும், இந்த இரண்டையும் முதல் நாளே பிள்ளைகளிடம், பிள்ளைகளுக்குப் புரியும் வார்த்தையில் சொல்லுங்கள். தண்டனை என்று வந்தால், முடிவு எடுப்பதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

'ஒழுக்கமாக நடந்துகொள்', 'மரியாதையாக இரு' என்றெல்லாம் எழுதி ஒட்டுவதால் பயன் இல்லை. ஒழுக்கம் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அர்த்தம். ஒரு வீட்டில் பெரியவர் பேசும்போது கண்ணைப் பார்ப்பது மரியாதை, இன்னொரு வீட்டில் தலை குனிவது மரியாதை. பத்து வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகச் சேரும் இடத்தில் எது மரியாதை என்று நீங்கள்தான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டும். ஒருவர் பேசி முடிக்கும் வரை காத்திரு. அடுத்தவர் பையைக் கேட்காமல் திறக்காதே. ராத்திரி எதற்கு எழுந்தாலும் முதலில் உன் கூடாரத்து அக்காவை எழுப்பு. இப்படி நாலைந்து போதும். நாற்பது விதி எழுதினால் எதுவும் நினைவில் நிற்காது. சொன்ன பிறகு பிள்ளைகளையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டுவதை வைத்துப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பிள்ளைக்கு நீண்ட நேரம் அசையாமல் உட்கார முடியாது, இன்னொன்றுக்குக் கூட்டமாகச் சொன்னால் ஏறாது. அவர்களுக்குத் தனியாக ஒருமுறை சொல்லுங்கள்.

கூடுமானால் விதிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தே எழுதுங்கள். இது செல்லம் கொடுப்பது ஆகாது. 1930களின் இறுதியில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு சிறு குழுக்களாக்கி, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்துக் கவனித்தார்கள். எல்லாவற்றையும் தலைவரே உத்தரவாகப் போட்ட குழுவில், அவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. பிள்ளைகளும் சேர்ந்து பேசி முடிவெடுத்த குழுவில், தலைவர் இல்லாதபோதும் வேலை ஏறக்குறைய அப்படியே நடந்தது. 1939-இல் வெளியான ஆய்வு அது. விளக்கு அணைத்த பிறகு உங்கள் கண் எல்லாக் கூடாரத்திலும் இருக்க முடியாது. அந்த நேரத்துக்குத்தான் இது தேவை.

போலந்தில் யானுஷ் கோர்சாக் என்ற மருத்துவர் நடத்திய அனாதை இல்லத்தில் பிள்ளைகளே நடத்திய நீதிமன்றம் இருந்தது. அவர்கள் வைத்திருந்த சட்டத்தின் பெரும்பகுதி மன்னிப்பதற்கானது. பெரியவர்கள் மீதும் அங்கே வழக்குப் போடலாம். கோர்சாக்கே பிள்ளைகள் முன்னால் நின்று பதில் சொல்லியிருக்கிறார். அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் அவளிடம் கேட்டிருந்தால் போதும் என்கிறேன். கேட்டிருந்தால் அழுத பிள்ளையைப் பற்றித் தெரிந்திருக்கும். இவளை அனுப்பிய பிறகு, அன்று இரவு அந்தப் பிள்ளை யாரோடு தூங்கியது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளி ஒழுங்கு நடவடிக்கை குழந்தையின் மாண்பைக் குலைக்காமல் இருக்க வேண்டும் என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்ட இதை எழுதவில்லை. நான் கேட்பது புதிதாக நானே கண்டுபிடித்தது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எழுத உட்கார்ந்ததும் வேறு சிலவும் சேர்ந்து வருகின்றன. சொல்லிவிடுகிறேன். ஒருவன் பேசியதற்காக வகுப்பு முழுவதையும் நிற்க வைக்கிற பழக்கத்தை எப்போது விடப் போகிறீர்கள்? ஒருவர் செய்ததற்கு இன்னொருவரைத் தண்டிக்கக் கூடாது என்று 1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனிவா உடன்படிக்கை போர்க்காலத்துக்கே விதி வைத்திருக்கிறது. வகுப்பறையில் அது அன்றாட நடப்பாக இருக்கிறது. சும்மா இருந்த பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: ஒழுங்காக இருந்தாலும் அடி விழும்.

அப்புறம், பெரியவர்களுக்கான விதி எங்கே? தாமதமாக வந்த பிள்ளை மைதானத்தைச் சுற்றி ஓடுகிறது. பயிற்சியாளர் தாமதமாக வந்தால் ஒரு வார்த்தை வருத்தம்கூட வருவதில்லை. பட்டப்பெயர் வைக்கக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். அதற்குக் கீழேயே நின்று ஒரு பிள்ளையைக் 'குண்டு' என்று கூப்பிட்டவரை நானே பார்த்திருக்கிறேன். எங்களையும் விட்டுவிட வேண்டாம். விளையாட்டு நடக்கும்போது கோட்டுக்கு வெளியே நின்று நடுவரைத் திட்டுகிற பெற்றோர் எத்தனை பேர்! அவர்களுக்கும் நாலு வரி எழுதிக் கொடுங்கள். முதல் ஆளாக நான் ஏற்றுக்கொள்கிறேன்.

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முகாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு நாளில் அவள் கயிற்றில் நான்கு விதமான முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டில் இருக்கிற கயிற்றிலெல்லாம் இப்போது முடிச்சுதான். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அந்த வழிகாட்டிக்கு என் நன்றியைத் தயவுசெய்து சொல்லுங்கள். அவரைப் போலவே விதியையும் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பிள்ளைகளிடம், பிள்ளைகளின் வார்த்தையில், முதல் நாளே.

அடுத்த முகாமுக்கான படிவம் வந்திருக்கிறது. அதே நான்கு பக்கம், கடைசிப் பக்கத்தில் அதே வாக்கியம். கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன். அதோடு அவளுக்கென்று ஒரு பக்கம் சேர்த்து அனுப்புங்கள். அவள் படித்துப் பார்க்கட்டும், புரியாததை உங்களிடமே கேட்கட்டும், கீழே தன் பெயரைத் தானே எழுதட்டும். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பணிவுடன்,
ஒரு தாய்