நாங்க புதையல் கடை இல்லைங்க: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். டவுன்ஹால் ரோட்டு சந்துக்குள்ள இருக்குற நம்ம கடைய உங்களுக்கு புதுசா சொல்ல வேண்டியதில்ல, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வருவீங்க, சிசிடிவி மாட்ட கூப்பிடுவீங்க, அப்புறம் அந்த மெட்டல் டிடெக்டர் வாடகை. அந்த மிஷினாலதான் இப்ப வம்பு. ஒரு வாரமா வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட்டு சுத்துது, பாதிப்பேரு கேட்ருப்பீங்க, மீதிப்பேருக்கு நாளைக்குள்ள வந்துரும்.

நம்மகிட்ட மிஷின் எடுத்த ஒரு தம்பி ராமநாதபுரம் பக்கம் ஒரு பீச்ல விடியக்காலையில தோண்டிக்கிட்டு இருந்துருக்காரு, அதிகாரிங்க விசாரிச்சு மிஷின வாங்கி வச்சுட்டாங்க. அதுக்கு அவரு, எங்கிட்டு வேணா தோண்டுங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னு கடைக்காரன் சொன்னான்னு அந்த வாய்ஸ் நோட்டுல பேசிருக்காரு. மீனாட்சி சத்தியமா நான் அப்படி சொல்லல. அன்னைக்கு சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் முகூர்த்தம், வேலைக்கு இருந்த பையனும் திருப்பூர் போயிட்டான், கடையில நான் ஒத்த ஆளு. அந்த அவசரத்துலயும் எங்க கொண்டு போறீங்கன்னு கேட்டேன், தோட்டத்துல புதைஞ்ச இரும்பு பைப் தேடணும்னாரு. நோட்டுல அவரு கையாலயே "தோட்டம்"னு எழுதி கையெழுத்து போட்டுருக்காரு, யாரு வேணா வந்து பாக்கலாம். பைப் தேட எதுக்குப்பா ஹெட்போன்னு கூட கேட்டேன், அவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சு தொலைச்சேன். திட்டுனா கூட பரவால்ல, 19 வருஷமா நடத்துற கடைய "புதையல் கடை"ங்குறாங்க பாருங்க, அதுதான் தாங்கல. (வாசல்ல இருந்த அந்த தங்கக்காசு ஸ்டிக்கர் கம்பெனிக்காரன் ஒட்டுனது, கிழிச்சாச்சு.)

சரி, இனி யாரும் சொல்லலன்னு சொல்லிறக் கூடாது. மண்ணுக்குள்ள மறைஞ்சு கெடக்குற பொருள் 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும், 1878-லயே வந்த புதையல் சட்டம் அது. இன்னைக்கு 10 ரூபாய்க்கு டீ கூட வராது, ஆனா சட்டம் அப்படியேதான் இருக்கு. மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலு, கண்டெடுத்தவருக்கு கிடைக்கவேண்டிய பங்கும் போயிரும். 100 வருஷத்துக்கு மேல பழசுன்னா தொல்பொருள் கணக்குல வேற போயிரும். நாம யாரு, கீழடிக்கு பக்கத்து ஊருக்காரங்க, வைகை கடல்ல சேர்ற பக்கம் அழகன்குளத்துல ரோமானியக் காசே கிடைச்சுருக்கு, அந்த மண்ணுல போய் மம்பட்டியோட நின்னா யாருதான் சும்மா விடுவா? நேத்து யாரோ தொலைச்ச மோதிரமா இருந்தாலும் கண்டெடுத்தவங்களுக்கு சொந்தமாயிறாது, போலீஸ்ல ஒப்படைங்க.

மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருக்கு, 1986-லேர்ந்து தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம அங்க கால் வைக்கவே கூடாது. ஜனவரியிலேர்ந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் ஆமை கரையேறி முட்டை இடும், ஒன்றரை அடி ஆழத்துல கெடக்கும், தெரியாம ஒரு குத்து குத்துனா போச்சு. தோண்டுன குழிய மூடாம வந்தா ராத்திரி யாராவது கால ஒடிச்சுக்குவாங்க. தனுஷ்கோடி பக்கம் காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு அலைக்கு முதுகக் காட்டி நிக்கவே நிக்காதீங்க, அந்தக் கடல் அப்படி.

மிஷின் ஓட்டைன்னும் அந்த வாய்ஸ் நோட்டுல வருது. ஓட்டையெல்லாம் இல்லங்க. ஈர மணல்ல இருக்குற உப்புத்தண்ணியே கரண்ட்ட கடத்தும், அதுனால நம்ம சாதா மிஷின் சும்மா சும்மா கத்தும், காஞ்ச மணல்ல சரியா இருக்கும். அங்கயும் ஒரு காசு அளவு பொருளுக்கு முக்காலடி தாண்டாது. யூடியூப்ல பாக்குறது வேற மிஷின், வேற வெல.

அழகர் ஆத்துல இறங்குன மறுநாள் தொலைஞ்ச தாலிச்செயின தேட வந்த அக்கா, வயக்காட்டுல கலப்பைக் கொழு தேடுன மாமா, கொடை பந்தல் வாசல்ல சோதிக்க கை மிஷின் எடுக்குற கமிட்டிக்காரங்க, நீங்கள்லாம் வாய்ஸ் நோட்டக் கேட்டதும் போன் போட்டு "நாங்க இருக்கோம்ணே"ன்னீங்களே, அத மறக்க மாட்டேன்.

இனிமே ஆதார் ஜெராக்ஸும் எந்த எடம்னு எழுதுன கடுதாசியும் வேணும், பீச்சுக்குன்னா மிஷின் கிடையாது. வாடகை 600 இருந்தது 900 ஆகுது, அட்வான்ஸ் 5000.

அந்த தம்பியோட பழைய அட்வான்ஸ் 3000 பத்திரமா எங்கிட்டதான் இருக்கு, மிஷின் கடைக்கு வரட்டும், வாங்கிட்டுப் போகட்டும்.