மெக்ரிச்சில உதவின அண்ணனுக்கு நன்றி

சனிக்கிழமை காலைல மெக்ரிச்சில பச்சை கயாக்ல வந்த அண்ணே, பேர் கூட சொல்லாம போயிட்டீங்க, ரொம்ப நன்றி. சிங்கப்பூர்லயே பழைய நீர்த்தேக்கம், 1868ல கட்டி முடிச்சது, தண்ணி அசையவே அசையாதுன்னுதான் என் பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன், நடுவுல போனதும் சைடு காத்து புடிச்சு அவ கயாக் மூக்கு காத்து வர்ற பக்கமே திரும்பிக்கிட்டு இருந்துச்சு, அழவே ஆரம்பிச்சுட்டா. நீங்க பக்கத்துல வந்து, காத்து வர்ற பக்கம் துடுப்பை முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் அகலமா வளைச்சுப் போடும்மா, கையால இழுக்காத, இடுப்பைத் திருப்புன்னு பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க (நான் சொன்னா கேப்பாளா!), அப்புறம் மரம் காத்தை மறைக்கிற கரையோரமாவே படகுத்துறை வரைக்கும் கூட வந்தீங்க. அடுத்த வாரமும் போகணுமாம் அவளுக்கு. பாத்தா கண்டிப்பா கூப்பிடுங்கண்ணே, ஒரு தே தாரிக் நம்ம செலவு.