கிடைத்த ஊர்

கானாடுகாத்தான்
ஞாயிறு மாலை

அன்புள்ள உமாவுக்கு,

ஆத்தா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். இது சாவகாசமாகச் சொல்ல வேண்டியது. அப்பச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கவலைப்படாதே.

புதன்கிழமை புதுக்கோட்டை மியூசியத்துக்குப் போய் வந்தேன். போன வாரமே ஒரு தடவை போனேன். அன்று வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, திருக்கோகர்ணம் கோயிலில் பிரகதாம்பாளைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இந்தத் தடவை துணைக்குப் பக்கத்து வீட்டு ஆச்சியின் பேரனையும் கூட்டிப் போனேன். அவனுக்கு ஏழு வயது, பள்ளிக்கூடம் லீவு.

இந்த வயதில் எதற்கு மியூசியம் என்று கேட்பாய். பெரிய வீட்டுச் சாமான்களை விற்றுவிடலாம் என்று பங்காளிகள் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு வியாபாரி வந்தார். இரண்டாங்கட்டில் அண்டா, சருவம், மரவை எல்லாவற்றையும் பரப்பிவைத்துப் பார்த்தார். என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைச் சருவத்தைத் தூக்கி, கழுத்தடியில் விரலால் தடவினார். உன் ஆயா வீட்டு விலாசம், அந்தப் பெயரெழுத்து, உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்குமே, அந்த இடம். “இதைத் தேய்த்து எடுத்துப் பாலிஷ் போட்டால் நல்ல விலை போகும்” என்றார். எனக்கு வாய் வரவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கமில்லை. பழைய சாமானை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் என்னதான் செய்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அப்போது தோன்றியதுதான்.

1910-இல், சமஸ்தானக் காலத்தில் ஆரம்பித்த மியூசியம் அது. கல்வெட்டு, சிலை, ஓவியம், பாடம் செய்த பறவைகள், பாறைகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. பையன் பாட்டிலில் கிடந்த பாம்புகளை விட்டு நகரவே மாட்டேன் என்றான். எனக்குக் கால் வலி, ஆனாலும் அவனை அவசரப்படுத்தவில்லை. உன்னை இப்படி ஒரு நாள்கூட நின்று பார்க்க விட்டதில்லையே என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு ஏழு வயதாக இருந்தபோது எனக்கு எப்போதும் அடுப்படியில் வேலை இருந்தது.

அம்மன் காசைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன், உமா. சுண்டுவிரல் நகம் அளவுக்குச் செம்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று இருக்கும். 20 காசு சேர்ந்தால் ஓரணா. நவராத்திரியில் சமஸ்தானத்தில் அரிசியோடு இதையும் தானம் கொடுப்பார்களாம். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேரும் வரை இது புழங்கியிருக்கிறது. என் அப்பத்தாவின் சுருக்குப்பையில் இந்தக் காசு ஒரு பிடி கிடக்கும். எங்கள் ராயவரம் சமஸ்தானத்து ஊர் இல்லையா. பல்லாங்குழிக்குச் சோழி பற்றாவிட்டால் அப்பத்தா இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வெற்றிலை வாசனை அடிக்கும். கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது கானாடுகாத்தான் ராமநாதபுரம் ஜில்லா, இந்த வீட்டில் யாருக்கும் அம்மன் காசு தெரியவில்லை. அந்தச் சுருக்குப்பை எங்கே போனது என்று கேட்க இப்போது ஒருவரும் இல்லை.

உன் லண்டனுக்கும் புதுக்கோட்டைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1898-இல் இந்தச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் ரோமாபுரித் தங்கக்காசு 501 கிடைத்தது. அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பாசியன் காலம் வரைக்கும் உள்ள காசுகள். பெரும்பாலானவற்றில் ராஜாவின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கும். மியூசியம் வருவதற்கு 12 வருஷம் முன்னால் கிடைத்த புதையல், அதில் பல காசுகள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்விட்டன. நாணயம் படித்தவர்கள் இன்றும் அதைப் புதுக்கோட்டைப் புதையல் என்றுதான் சொல்கிறார்கள். கடல் தாண்டிப் போயும் ஊர்ப்பெயர் அதை விடவில்லை பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போய் அங்கே கேட்டுப் பார். ஆயா ஊர்ப்பக்கத்துக் காசு என்று சொல்லிக் காட்டு.

பார்த்த சாமான்களைவிட, பக்கத்தில் வைத்திருந்த சீட்டுகள்தான் எனக்கு மனதில் நின்றன. அங்கே இருந்த முதுமக்கள் தாழி ஒன்றும் பெரிய அழகில்லை, நம் வீட்டு நெல்லுக் குதிர்கூட அதைவிட வழவழப்பு. ஆனால் எந்த ஊர் மண்ணிலிருந்து எடுத்தது என்று எழுதிவிட்டால், உடனே அங்கே மனிதர்கள் இருந்தார்கள், செத்தவரைப் புதைத்தார்கள், அழுதார்கள் என்று மனம் ஓடுகிறது. அந்தச் சீட்டை எடுத்துவிட்டால் அது வெறும் பானை. வியாபாரி தேய்த்து எடுக்கலாம் என்றாரே, அதைத்தான் எடுக்கப் பார்த்திருக்கிறார்.

வந்த மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அப்பச்சி எழுத, நான் சொல்லச் சொல்ல, மூன்று நாளாக அறை அறையாக எழுதிக்கொண்டிருக்கிறோம். எந்தச் சாமான், யார் சீரில் வந்தது, எந்த ஊர், எதற்குப் புழங்கியது. கொட்டான் முடைந்தது யார் என்பதுகூட எழுதியாகிவிட்டது. பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டிக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை, சின்னப் பெரியப்பச்சியிடம் கேட்க வேண்டும். விற்பதென்று பங்காளிகள் முடிவு செய்தால் என்னால் தடுக்க முடியாது. ஆனால் பெயரைத் தேய்த்துவிட்டு ஒரு கரண்டியும் இந்த முகப்பைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சருவம் உனக்குத்தான். அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்புறம் ஒன்று. மாடியறைப் பெட்டகத்தில் உன் பிஸ்கட் டப்பா அகப்பட்டது. மயிலிறகு இரண்டு, நத்தை ஓடு, ஒரு பாம்புச்சட்டை, ஒன்பது கல். சட்டை தொட்டதும் உதிர்ந்துவிட்டது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கின்றன. குப்பையைச் சேர்க்கிறாய் என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன். மியூசியத்தில் கற்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

ஒன்பது கல்லையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். ஓட்டை ஓட்டையாக இருக்கிற செம்புறாங்கல் ஊருணிக் கரையில் எடுத்தது என்று நினைக்கிறேன். வெள்ளையாக மின்னுகிற அந்தச் சின்னக் கல் திருமயம் கோட்டைக்குப் போனபோதா, ராயவரத்திலா? நோட்டில் உனக்கு ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எங்கே எடுத்தது என்று எழுதி அனுப்பு.

அன்புடன்,
ஆத்தா