கட்டைவிரல் போன பிறகு கேட்ட ரேகை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்டட விபத்துச் செய்தியின் கடைசியில் ‘ஒப்பந்ததாரர் நிவாரணம் கொடுத்தார்’ என்று ஒரு வரி வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பத்திரத்தாள்தான் ஞாபகம் வருகிறது.

நான் கொத்தனார். 2024 ஆடியில் கோவையில் ஒரு அடுக்குமாடி வேலை. கிரானைட் அறுக்கிற ஆள் வரவில்லை. “நீயே நாலு துண்டு அறுத்துப் போடுப்பா” என்றார் மேஸ்திரி. கட்டிங் மிஷின் என் கைக்கு வரும்போதே பிளேடுக்கு மூடி இல்லை. மூன்றாவது துண்டில் மிஷின் எகிறி, இடது கட்டைவிரலை அடியோடு எடுத்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு 25,000 ரூபாயும் ஒரு பத்திரத்தாளும் வந்தன. ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எதுவும் கோரமாட்டேன்.’ கையெழுத்துப் போட்டேன். மை டப்பாவைத் திறந்து, “இடது பெருவிரல் ரேகையும் வை” என்றார் சூப்பர்வைசர். கட்டுப் போட்ட கையைப் பார்த்த பிறகுதான் “சரி, வலது” என்றார்.

கரண்டி பிடிப்பது வலது கைதானே என்று தைரியமாக இருந்தேன். செங்கல்லை எடுத்துத் திருப்பிக் கொடுப்பது இடது கை. நாலு விரலில் கல் நிற்கவில்லை, நழுவுகிறது. இப்போது கியூரிங்குக்கு, அதாவது பூசின சிமெண்ட் இறுகுவதற்கு, தண்ணீர் அடிக்கிறேன், பாதிச் சம்பளத்துக்கு.

சங்கத்துத் தோழர் ஒருவர் அந்தப் பத்திரத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். என் விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1923-ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய எந்த ஒப்பந்தமும் செல்லாதாம். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கும் போட்டார். கட்டைவிரல் போனால் 30 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. நான் என்ன சம்பாதித்திருந்தாலும் மாதம் 15,000-க்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கு ஏற்பப் பெருக்க வேண்டிய எண்ணும் சட்டத்திலேயே இருக்கிறது, என் 50 வயதுக்கு 153.09. பெருக்கி, 30 சதவீதம் எடுத்தால் 4,13,343 ரூபாய். எனக்கு வந்தது 25,000.

“உன் கவனக்குறைவு” என்கிறார் மேஸ்திரி. நான் குடித்திருந்தாலோ, மூடியை நானே வேண்டுமென்று கழற்றியிருந்தாலோ அந்தப் பேச்சு எடுபடும். மேஸ்திரி கைவிரித்தால் மேலே இருக்கிற கம்பெனியைக் கேட்கலாம். கோவைக்கு அலையவும் வேண்டாம், குடியிருக்கிற ஊருக்குரிய தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடமே மனுப் போடலாம். மதுரையில் போட்டிருக்கிறேன், வாய்தா நடக்கிறது.

வேலை நடக்கிற இடத்தில் பில்டர் பெயரும் அனுமதி எண்ணும் எழுதிப் பெரிய போர்டு வைக்கிறார்கள். அதன் கீழேயே ‘காயம்பட்டால் இரண்டு வருடத்துக்குள் மனுப் போடலாம், எழுதி வாங்கிய காகிதம் செல்லாது’ என்று எழுதச் சொல்லித் தொழிலாளர் துறை உத்தரவு போட வேண்டும். பெயிண்ட் செலவுதான். படிக்கத் தெரியாத சித்தாளுக்குப் படித்துச் சொல்ல ஒருத்தராவது இருப்பார்.

எங்களோடு கம்பி கட்டிய தம்பி ஒருவன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். வருகிற தையோடு அவனுக்கு இரண்டு வருடம் முடிகிறது. மனுப் போடுடா என்றால், “எழுதிக் கொடுத்துட்டேனேண்ணே” என்கிறான்.

இப்படிக்கு,
கொத்தனார் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.