எதிர்வீட்டையும் படத்தில் வையுங்கள்

வடசென்னையில் அடுக்குமாடி கட்டி விற்கும் பில்டர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு உங்கள் பிரவுச்சர்களுக்கு த்ரீடி வியூ, அதாவது வீடு கட்டி முடிக்கும் முன்பே அதைக் காட்டும் கம்ப்யூட்டர் படம், செய்து தருகிறவன் நான். பாக்கிப் பணம் கேட்டு எழுதவில்லை (அது தனிக் கதை). நீங்கள் கேட்டு வாங்கும் படங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீ-ரே, கொரோனா போன்ற ரெண்டரிங் மென்பொருள்கள் வெளிச்சம் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் படத்தை உண்டாக்குகின்றன. இந்தக் கணக்குக்கு அடிப்படையான சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986-லேயே எழுதிவிட்டார். ஊர், தேதி, நேரம் மூன்றையும் கொடுத்தால் சூரியன் சரியான இடத்தில் வந்து நிற்கும். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம் ஊருக்கு உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் வரும். 'வடக்கு பார்த்த பால்கனி, வெயிலே அடிக்காது' என்று நீங்கள் விற்கும் வீட்டில் ஜூன் மாதம் என்ன நடக்கும் என்று ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். யாரும் கேட்டதில்லை. "சாயங்கால வெளிச்சம் போடுங்க தம்பி, ரூம் பெரிசா தெரியணும்" என்றுதான் போன் வரும்.

பெரிசாகக் காட்டுவது சுலபம். கம்ப்யூட்டர் கேமராவுக்குக் குறுக்கே நிற்கும் சுவரைத் தூக்கிவிட்டு, வீட்டுக்கு வெளியே போய் நின்று, அகலமாக விரித்துக் காட்டும் 16 மி.மீ. லென்ஸில் எடுத்தால் பத்துக்குப் பத்து பெட்ரூம் கல்யாண மண்டபம் போல விரியும். அதுவும் போதாதென்றால் கட்டிலைச் சுருக்கச் சொல்வீர்கள். ஆறேகால் அடிக் கட்டில் ஐந்தரை அடி ஆகிவிடும். குடிவந்தவர் நிஜக் கட்டிலைப் போட்ட பிறகு பீரோ கதவு பாதிதான் திறக்கும்.

ஜன்னலுக்கு வெளியே இன்னும் மோசம். மென்பொருளோடு வரும் மேப்பிள் மரங்களை நட்டு, பின்னால் நீல வானம் வைக்கிறோம். சைட்டிலோ, கை நீட்டும் தூரத்தில் அடுத்த வீட்டு பாத்ரூம் பைப். திருவொற்றியூர் பக்கம் ஒரு பிராஜெக்ட்டுக்கு, வாசலில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிடச் சொன்னார்கள். கண்டெய்னர் லாரி போகும் ரோட்டில் சைக்கிள் ஓட்டும் வெள்ளைக்காரக் குடும்பத்தை வைக்கச் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தை இந்த ஏரியாவில் பல பிரவுச்சர்களில் பார்க்கலாம், ஒரே சட்டை.

படத்தின் ஓரத்தில் 'சித்திரிப்பு மட்டுமே' என்று பொடி எழுத்தில் போட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள பொய்யான தகவலை நம்பி முன்பணம் கட்டியவர் நஷ்டப்பட்டால் புரமோட்டர், அதாவது நீங்கள், ஈடு தர வேண்டும். வாங்கியவர் விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

அழகான படம் வேண்டாம் என்று சொல்லவில்லை, என் பிழைப்பே அதுதான். அதன் பக்கத்தில் இன்னொரு படமும் போடுங்கள். கேமரா அறைக்குள்ளேயே, ஆள் கண் உயரத்தில், அவ்வளவு விரிக்காத 24 மி.மீ. லென்ஸோடு இருக்கட்டும். கட்டில், பீரோ கடையில் விற்கும் அளவில் இருக்கட்டும். மே மாத மதியம் இரண்டு மணி வெயிலை வையுங்கள். சுற்றியுள்ள வீடுகளை வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாக நிறுத்தினாலும் சரி, உயரமும் இடைவெளியும் சைட்டில் அளந்ததாக இருக்க வேண்டும்.

வீட்டின் த்ரீடி மாடல் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதனால் இந்த இரண்டாவது படத்துக்கு நான் தனியாக ரேட் போட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் த்ரீடி தம்பி